இயற்பியல் மாணவன் கடற்புல் ஆய்வுக்குப் போகலாமா?

தம்பி,

இதே நிலையில் இருக்கும் வேறு பிள்ளைகளும் படிப்பார்கள் என்பதால், உன் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீ தங்கச்சிமடத்துப் பையன். பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. எம்.எஸ்சி. முடித்து வானியலில் ஆய்வு செய்ய வேண்டும் என்பது உன் எண்ணம். கோடைக்கால ஆய்வுப் பயிற்சி கேட்டு ஒன்பது இயற்பியல் ஆய்வகங்களுக்கு எழுதினாய். ஒன்றிலிருந்தும் பதில் இல்லை. இதற்கிடையில் கல்லூரி விலங்கியல் ஆசிரியர் சொன்னதன்பேரில், இராமேசுவரம் அருகே மண்டபம் என்ற ஊரில் கடற்புல் ஆய்வு செய்யும் ஒருவர் மே, ஜூன் இரண்டு மாதமும் வந்து வேலை செய் என்று அழைத்திருக்கிறார். கடற்புல்லுக்கும் நட்சத்திரத்துக்கும் என்னடா சம்பந்தம் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். "கடலை விட்டு நீ வெளியே போக வேண்டும் என்றுதானே படிக்க வைத்தேன்" என்று அப்பா வருத்தப்படுகிறார். "போகலாமா அக்கா? இரண்டு மாதம் வீணாகிவிடுமா? பின்னால் வானியலுக்கு விண்ணப்பிக்கும்போது இது குறையாகத் தெரியுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

போகலாம். போக வேண்டும் என்றே சொல்வேன். ஒரே ஒரு நிபந்தனை: அங்கே உன்னோடு உட்கார்ந்து, நீ எழுதிய அளவுகளை வரி வரியாகப் பார்த்து, தப்பைச் சுட்டிக்காட்ட ஓர் ஆள் இருக்க வேண்டும். அந்த ஆள் இருந்தால் துறைக்கு என்ன பெயர் இருந்தாலும் உனக்கு நன்மைதான். அந்த ஆள் இல்லையென்றால், நீ ஆசைப்படும் வான்நோக்கு நிலையமே கூப்பிட்டாலும் இரண்டு மாதம் கரைந்து போய்விடும்.

இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். என்னிடம் படித்த ஒரு மாணவனுக்குப் பெயர் பெற்ற ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் இடம் கிடைத்தது. வகுப்பே கைதட்டி அனுப்பிவைத்தது. எட்டு வாரத்தில் வழிகாட்டியை அவன் நேரில் பார்த்தது இரண்டு முறை. மூலையில் ஒரு கணினியைக் கொடுத்து, பழைய கட்டுரைகளைப் படித்துக்கொண்டிரு என்று சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் அழகாக இருந்தது. அடுத்த ஆண்டு நேர்முகத் தேர்வில் "அங்கே என்ன அளந்தாய்?" என்று கேட்டபோது அவனால் ஒரு வாக்கியத்துக்கு மேல் பேச முடியவில்லை. கெட்டிக்காரப் பிள்ளை. இன்றும் அந்தக் கோடையை நினைத்து வருத்தப்படுகிறான்.

இனி உன் நண்பர்களின் கேள்வி. அவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்: ஆஞ்சலோ செக்கி. இத்தாலிய நாட்டுப் பாதிரியார். ரோம் நகரில் ஒரு வான்நோக்கு நிலையத்தின் இயக்குநர். நட்சத்திர ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்து, அந்த நிறமாலையைக் கொண்டே நட்சத்திரங்களை வகைப்படுத்திய முன்னோடி. நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களை அப்படிப் பார்த்தவர். இந்த மனிதர் 1865 ஏப்ரலில், கடல்நீரின் தெளிவை ஆராய்ந்துகொண்டிருந்த ஒரு கப்பல் தளபதி அழைத்ததால், போப்பாண்டவரின் நீராவிக் கப்பலில் ஏறி மத்தியதரைக் கடலுக்குப் போனார். வெள்ளைத் தட்டுகளைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகின்றன என்று குறித்துக்கொண்டார். நூற்று அறுபது ஆண்டுகள் ஆகிவிட்டன. கடல் ஆய்வுக்குப் போகும் படகுகளில் இன்றும் அந்தத் தட்டு இருக்கிறது. பெயரும் செக்கி தட்டுதான். மண்டபத்தில் முதல் வாரத்திலேயே அது உன் கைக்கு வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கடற்புல் ஆய்வில் ஒளிக்கு என்ன வேலை என்று கேட்பாய். கடற்புல் பாசி இல்லை. வேர், தண்டு, இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான தாவரம்; கடலின் அடியில் மண்ணில் வேர்விட்டு வளர்கிறது. ஆவுளியா என்று நாம் சொல்லும் கடற்பசு உயிர்வாழ்வது இதைத் தின்றுதான். வளர்ந்த ஓர் ஆவுளியா ஒரு நாளில் முப்பது கிலோவுக்கு மேல் தின்னும். 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததற்கு அடிப்படையும் அங்குள்ள புல்வெளிகளே. அந்தப் புல்லுக்குத் தேவை சூரிய ஒளி. கடல் மேற்பரப்பில் விழும் ஒளியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது அடியில் எட்டாவிட்டால் பெரும்பாலான கடற்புல் வகைகள் தழைப்பதில்லை. அப்படியானால் புல் எந்த ஆழம் வரை வளரும்? இது தாவரவியல் கேள்வி மாதிரி தெரிகிறது. விடை உன் இரண்டாம் ஆண்டு ஒளியியல் பாடத்தில் இருக்கிறது.

தண்ணீருக்குள் இறங்க இறங்க ஒளி அடுக்குக்குறி விதிப்படி, அதாவது ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரே விகிதத்தில், குறைகிறது. எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணை ஒளி குறையும் கெழு என்று வைத்துக்கொள். செக்கி தட்டு மறையும் ஆழத்தால் 1.7ஐ வகுத்தால் அந்தக் கெழு ஓரளவுக்குக் கிடைத்துவிடும் என்பது கடலியலில் 1929 முதல் புழங்கும் ஒரு கைக்கணக்கு. தட்டு 3.4 மீட்டரில் மறைந்தால் கெழு மீட்டருக்கு 0.5. ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் ஆழம், பத்தின் இயல் மடக்கையான 2.3ஐ 0.5ஆல் வகுத்தால் வருவது, 4.6 மீட்டர். தண்ணீர் கலங்கி, தட்டு 1.7 மீட்டரிலேயே மறைகிறது என்றால் கெழு 1. புல் வளரக்கூடிய ஆழம் 2.3 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. கலங்கல் இரண்டு மடங்கானால் புல்வெளியின் எல்லை பாதி ஆழத்துக்கு ஏறிவந்துவிடுகிறது. நம் கடல் மிக மெதுவாகச் சரிகிற கடல். அந்த இரண்டு மீட்டர் ஆழ வித்தியாசம் கிடைமட்டமாகப் பார்த்தால் எவ்வளவு பெரிய பரப்பு என்பது கடலில் இறங்கி நடந்து பழகிய உனக்குத் தெரியும்.

இப்போது இதையே மேல்நோக்கித் திருப்பு. நட்சத்திர ஒளி காற்று மண்டலத்தின் வழியாக வரும்போதும் இதே விதிப்படிதான் குறைகிறது. தலைக்கு மேலே இருக்கும் நட்சத்திரத்தின் ஒளி குறைந்த காற்றைக் கடந்து வருகிறது. அடிவானத்துக்கு அருகில் இருப்பது அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. ஒளியின் அளவுக்கு மடக்கை எடுத்து, அதை ஒளி கடந்துவந்த காற்றின் தடிமனுக்கு எதிராக வரைபடமாக்கி, நேர்கோட்டின் சாய்வை எடுத்து, அந்தக் குறைவைத் திருத்திய பிறகே நட்சத்திரத்தின் உண்மையான பிரகாசத்தைச் சொல்ல முடியும். காவலூர் வான்நோக்கு நிலையத்தில் தொலைநோக்கியின் அடியில் உட்கார்ந்து ஒரு மாணவன் செய்யும் கணக்கும், மண்டபத்தில் படகில் உட்கார்ந்து நீ செய்யப்போகும் கணக்கும் ஒரே கணக்கு. ஆழத்தின் இடத்தில் காற்றின் தடிமன், அவ்வளவே வேறுபாடு. வேறு துறைக்குப் போகிறாய் என்பது உண்மைதான். உன் இயற்பியலைக் கையோடு எடுத்துக்கொண்டு போ. அங்கே அதற்கு நிறைய வேலை இருக்கிறது.

நானும் அப்படிப் போனவள்தான். என் ஊர் தேவிபட்டினம். பி.எஸ்சி. இயற்பியல் படித்தபோது எனக்கு லேசர் ஆய்வில் ஆசை. கிடைத்ததோ கடலோரத்தில் ஒரு சிறிய ஆய்வகம். வேலை, நீரின் தெளிவை அளப்பது. முதல் வாரம் ஆர்வத்தோடு தட்டை இறக்கினேன், ஏற்றினேன், பதினான்கு அளவுகளை அழகான கையெழுத்தில் நோட்டில் எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை வழிகாட்டி அம்மையார் நோட்டை வாங்கி, மூன்றாவது வரியில் விரலை வைத்தார். "இது படகின் எந்தப் பக்கம், நிழல் பக்கமா, வெயில் பக்கமா?" எனக்குத் தெரியவில்லை. "மணி என்ன?" எழுதவில்லை. "கயிறு செங்குத்தாக இருந்ததா?" அதைக் கவனிக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. அவர் திட்டவில்லை. பென்சிலை எடுத்துப் பதினான்கு வரிகளின் மேலும் ஒரு கோடு போட்டார். "திங்கட்கிழமை முதலிலிருந்து தொடங்குவோம், நானும் படகில் வருகிறேன்" என்றார்.

அன்று இரவு அழுதேன். திங்கட்கிழமை அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான். தட்டைப் படகின் நிழல் பக்கத்தில் இறக்க வேண்டும். இல்லாவிட்டால் நீர்ப்பரப்பின் பளபளப்பு கண்ணை ஏமாற்றிவிடும். காலை பத்து மணிக்கும் பிற்பகல் இரண்டு மணிக்கும் இடையில், சூரியன் உயரத்தில் இருக்கும்போது அளக்க வேண்டும். இறக்கும்போது மறையும் ஆழத்தையும், இழுக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் எழுதி, இரண்டின் சராசரியை எடுக்க வேண்டும். நீரோட்டத்தில் கயிறு சாய்ந்தால் கோணத்தையும் எழுத வேண்டும். முப்பது டிகிரி சாய்வில் கயிறு 4 மீட்டர் காட்டினால் உண்மை ஆழம் ஏறக்குறைய மூன்றரை மீட்டர்தான். இன்னொன்று: ஆழம் குறைந்த இடத்தில் தட்டு தரையில் போய் உட்கார்ந்த பிறகும் பளிச்சென்று தெரியும். அது அளவே ஆகாது. 'தரை தெரிந்தது' என்று எழுதிவிட்டு, அங்கே ஒளியுணர் கருவியைத்தான் இறக்க வேண்டும். பாக் விரிகுடாவில் கரையோரம் இது உனக்கு அடிக்கடி நடக்கும்.

அந்தப் படகோட்டி அண்ணனையும் சொல்ல வேண்டும். கரையில் நின்றபடியே தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். "இன்றைக்குக் கலங்கல், ஒரு பாகத்துக்குள் மறைந்துவிடும்" என்பார். பாகம் என்பது ஏறக்குறைய ஆறு அடி. போய் இறக்கினால் 1.7 மீட்டரில் மறையும். முதலில் ஆச்சரியமாக இருந்தது. பிறகு அவர் சொல்வதையும் அளப்பதற்கு முன்பே நோட்டில் ஒரு தனிப் பத்தியில் எழுதத் தொடங்கினேன். கடைசியில் அந்தப் பத்தியும் என் அறிக்கையில் இடம்பெற்றது.

நான் கடலியலுக்குப் போகவில்லை. விரும்பியபடி ஒளியியலிலேயே முனைவர் பட்டம் வாங்கி, இப்போது கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கிறேன். ஆனாலும் சோதனைக் கூடத்தில் ஒரு மாணவி அளவெடுத்தால், நான் முதலில் கேட்பது அந்த அம்மையார் என்னிடம் கேட்ட கேள்விகளைத்தான்.

சரி, உன் வேலைக்கு வருகிறேன். ஒத்துக்கொள்வதற்கு முன் அந்த வழிகாட்டிக்கு மரியாதையாக ஒரு மின்னஞ்சல் எழுதி நான்கு விஷயங்களைக் கேள். எனக்கு அன்றாடம் வேலை சொல்லிக்கொடுப்பவர் நீங்களா, ஆய்வு மாணவர் ஒருவரா? நானே அளவெடுத்து, நானே கணக்குப் போட்டு எழுதக்கூடிய ஒரு சிறு பகுதி இருக்குமா? படகுக்கும் அனுமதிக்கும் ஏற்பாடு ஆகிவிட்டதா? உதவித்தொகை உண்டா, இல்லையென்றால் போக்குவரத்துச் செலவாவது கிடைக்குமா? இவற்றைக் கேட்பதால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அக்கறையுள்ள வழிகாட்டிக்கு இப்படிக் கேட்கும் மாணவனைப் பிடிக்கும். ஆய்வு மாணவர்தான் சொல்லிக்கொடுப்பார் என்று பதில் வந்தால் அதுவும் நல்லதே; தினமும் பக்கத்தில் இருப்பவர் அவர்தான். பதிலே வராவிட்டால், அல்லது "வா, பார்த்துக்கொள்ளலாம்" என்று மட்டும் வந்தால், யோசி. புட்டி கழுவுவதும் பெயர்ச்சீட்டு ஒட்டுவதும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் உண்டு. இரண்டு மாதமும் அதுவே என்றால் வேண்டாம்.

மூன்றாவது கேள்வி வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதே. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பவளத்திட்டுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே இறங்கக் கூடாது. பவளத்தின் ஒரு துண்டைக்கூட, கடல் அட்டை ஒன்றைக்கூட, மாதிரிக்கு என்று சொல்லி எடுக்க முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பவை அவை. அனுமதிக் கடிதம் வராமல் கரையிலேயே ஒரு மாதம் காத்திருந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். அடுத்தது காற்று. மே கடைசியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வலுத்துவிட்டால் தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், சின்னப் படகில் நின்று அளவெடுக்க முடியாது. அந்தக் காலத்தில் வடகடலான பாக் விரிகுடாதான் சாந்தமாக இருக்கும். வேலை எந்தக் கடலில் என்று கேட்டுக்கொள். தென்கடலை ஆண்கடல், வடகடலைப் பெண்கடல் என்று நம் பெரியவர்கள் சொல்வதை ஆய்வகத்துக்கு வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கு விளக்கிச் சொல்லக்கூடியவன் நீயாகத்தான் இருப்பாய்.

காலத்தைப் பற்றிப் பேசும்போது ஒன்று தோன்றுகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள். நீ மே மாதத் தொடக்கத்தில் சேர்ந்தால் ஆறு வாரம் விசைப்படகுகள் கரையில் நிற்கும். கடைசி இரண்டு வாரம் கடலில் இருக்கும். இழுவலை அடிமண்ணைக் கிளறும் என்பது தெரிந்ததே. அப்படியானால் ஜூன் 15க்கு முன்னும் பின்னும் தண்ணீரின் தெளிவு மாறுகிறதா? இதை யாரும் உனக்காக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. நாட்காட்டியே ஒரு சோதனையை நடத்திக்கொடுக்கிறது. ஆனால் அவசரப்பட்டு முடிவுக்கு வராதே. ஜூன் நடுவில் காற்றும் மாறியிருக்கும், அலையும் மண்ணைக் கலக்கும். விசைப்படகுகள் கரையிலிருந்து சில கடல் மைலுக்கு அப்பால்தான் மீன்பிடிக்க வேண்டும் என்பது சட்டம். நீ அளக்கும் புல்வெளி கரைக்குப் பக்கத்தில் இருக்கலாம். கலக்கியது வலையா, காற்றா? பிரித்துப் பார்க்க ஒரு வழி உன் ஊரிலேயே இருக்கிறது. இராமேசுவரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறை வைத்துப் போகின்றன. காற்றுக்குக் கிழமை தெரியாது. போன நாள், போகாத நாள் என்று அளவுகளைப் பிரித்து, ஒவ்வொன்றோடும் காற்றின் வேகத்தையும் எழுதி வைத்தால் ஏதாவது தெரியலாம். இரண்டு வாரத்தில் ஆறு நாள்தான் கிடைக்கும் என்பதால் ஒன்றும் தெரியாமலும் போகலாம். அப்போது 'இந்த அளவுகளைக் கொண்டு சொல்ல முடியாது' என்று காரணத்தோடு எழுது. இரண்டாம் ஆண்டு மாணவன் அப்படி ஒரு வரியை எழுதினால், படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

விண்ணப்பத்தில் குறையாகத் தெரியுமா என்ற பயத்துக்கு வருகிறேன். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர்க்கை ஜாம் தேர்வின் தரவரிசைப்படி நடப்பது. கோடையில் நீ கடற்புல் பார்த்தாயா, கரும்பொருள் பார்த்தாயா என்று அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. நேர்முகம் உள்ள இடங்களில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஒருங்கிணைந்த முனைவர் படிப்பு போன்றவற்றில், கேட்பார்கள். கேட்கும்போது தலைப்பைப் பார்த்து மதிப்பெண் போட மாட்டார்கள், தோண்டுவார்கள். கெழுவை எப்படிக் கண்டாய், அதன் பிழை எவ்வளவு, 1.7 என்ற எண் எங்கிருந்து வந்தது, அது கலங்கிய நீருக்கும் பொருந்துமா? நீயே அளந்திருந்தால் இவற்றுக்குப் பதில் உன் வாயில் தானாக வரும். அறிக்கைக்குத் தலைப்பு வைக்கும்போதும் செய்ததைச் சொல். 'பாக் விரிகுடாவின் ஆழமற்ற நீரில் ஒளி குறையும் விதம்' என்று எழுதினால் இயற்பியல் படித்தவருக்கு உடனே புரியும். ஜாம் தேர்வு பிப்ரவரியில். ஜூன் முடிந்த பிறகும் ஏழு மாதம் இருக்கிறது. படிப்பு கெட்டுவிடும் என்று யாராவது சொன்னால் நாட்காட்டியைக் காட்டு.

துறை மாறியவர்களின் கதைகளை நீ நிறையக் கேட்டிருப்பாய். நம் கரையில் எந்த மேடையிலும் கலாமின் பெயர் வரும். ஆனால் அவர் திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியலைப் படித்து முடித்த பிறகுதான் அது தனக்கான பாடம் இல்லை என்று உணர்ந்ததாகப் பின்னாளில் எழுதினார் என்பதை அதிகம் பேர் சொல்வதில்லை. சென்னைக்குப் போய் விமானப் பொறியியல் சேர்ந்தது அதன் பிறகே. சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பின், மறுபடியும் மாணவராக உட்கார்ந்து உயிரியல் படித்தார். 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். அவர்கள் ஆண்டுக்கணக்கில் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டதில் ஒரு சிறு பகுதியை நீ இரண்டு மாதத்தில் தெரிந்துகொள்ளலாம். எனக்குக் கடல் வேண்டாம், நட்சத்திரம்தான் வேண்டும் என்று ஜூன் கடைசியில் உறுதியாகத் தெரிந்தாலும் அது லாபமே.

எப்போது மறுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தடைக்காலத்தில் உங்கள் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று எனக்குத் தெரியாது. விசைப்படகில் போகிறவர்கள் வீட்டில் அந்த இரண்டு மாதம் எவ்வளவு நெருக்கடி என்பது தெரியும். அரசு கொடுக்கும் நிவாரணத் தொகை ஒரு குடும்பத்துக்குப் போதாது. நீ வேலைக்குப் போனால்தான் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியும் என்ற நிலை இருந்தால், உதவித்தொகை இல்லாத பயிற்சியை மறுத்துவிட்டு வேலைக்குப் போ. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மூன்றாம் ஆண்டு முடிவிலும் கோடை வரும். உனக்கு இன்ஸ்பயர் உதவித்தொகை கிடைத்துக்கொண்டிருந்தால் நிலைமை வேறு: ஆண்டுக்கு 80,000 ரூபாயில் 20,000 கோடைக்கால ஆய்வுக்கு என்றே ஒதுக்கியது. கல்லூரி அலுவலகத்தில் விசாரி.

இடையில் இயற்பியல் ஆய்வகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தால்? நீ இன்னும் மண்டபத்துக்குச் சம்மதம் சொல்லாமல் இருந்தால், அங்கேயும் அதே கேள்விகளைக் கேட்டுவிட்டு, நல்ல பதில் வந்தால் தாராளமாகப் போ. சம்மதம் சொல்லிவிட்டாய் என்றால் மாறாதே. உன் பெயரைச் சேர்த்து அனுமதிக்கு எழுதியிருப்பார்கள், படகில் இடம் ஒதுக்கியிருப்பார்கள், உனக்காக வேறொரு பிள்ளையை வேண்டாம் என்று சொல்லியிருப்பார்கள்.

அப்பா விஷயத்தைக் கடைசிக்கு வைத்தேன், எனக்கும் அது கனமாக இருப்பதால். அவர் சொன்னதை 'பழைய ஆள், புரியவில்லை' என்று தள்ளிவிடாதே. எல்லை தாண்டியதாகப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்ற செய்தி வரும்போதெல்லாம் ஒவ்வொரு வீடும் எப்படி உறைந்துபோகும் என்பதைப் பார்த்து வளர்ந்தவன் நீ. மகன் கடலுக்குப் போகக் கூடாது என்று ஒரு தகப்பன் வைராக்கியமாக இருந்தால் அந்தப் பயத்துக்கு வயது அதிகம். அவரிடம் வாதாடாதே. கூடவே உட்கார்ந்து விவரம் சொல்: காலையில் ஆய்வகப் படகில் கரையோரமாகப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவோம், பாதுகாப்பு மிதவைச் சட்டை போட்டுக்கொள்வோம், ஜூன் முடிந்ததும் வேலை முடிந்துவிடும். முடிந்தால் ஒரு நாள் அவரை மண்டபத்துக்கு அழைத்துப் போய் வழிகாட்டியிடம் பேச வை. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 1971 வரை தலைமையகமே அந்த மண்டபம்தான். அதன் வட்டார மையத்தில் 2010இல் கடல் விரால் மீனை இந்தியாவிலேயே முதன்முதலாகக் குஞ்சு பொரிக்க வைத்தார்கள் என்று சொல். மீன் பெயரைச் சொன்னால் அவரே மேற்கொண்டு கேள்வி கேட்பார்.

செவ்வாய்க்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். அந்த நான்கு கேள்விகளை இன்று இரவே அனுப்பிவிடு. பதில் சரியாக வந்து நீ சேர்ந்தால், பேனா கொண்டுபோகாதே; உப்புத் தண்ணீர் பட்டால் மை கரைந்துவிடும். கெட்டி அட்டை நோட்டு ஒன்று, பென்சில் இரண்டு, தொப்பி. தட்டுக் கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வைக்க வேண்டியிருக்கும். கயிற்றை ஒரு நாள் நீரில் ஊறவைத்துவிட்டு, அதன் பிறகு அளவு நாடாவை வைத்துக் கட்டு. ஊறினால் நீளம் மாறும். ஈரமான நைலான் கயிற்றில் நழுவாமல் நூல் கட்ட எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அப்பாவிடம் கேள், ஒரே மாலையில் சொல்லிக்கொடுத்துவிடுவார்.